கூரைக்கு எழுதிய ஜாதகம்

கோலா சிலாங்கூர்
2.1.1987, வெள்ளி

அன்பு மகள் லீலாவதிக்கு அம்மா எழுதுவது. இங்கே அனைவரும் சுகம், அப்பாவுக்கு இருமல் குறைந்துவிட்டது, சரவாக்கில் உனக்கும் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க வேண்டும் என்பதே என் நினைப்பு. புதன்கிழமை இங்கே பள்ளிக் கூரைக்காக நடந்த கூட்டத்தில் நான் சொல்லாமல் விட்ட ஒன்றை உனக்கு மட்டும் எழுதுகிறேன். தோட்டத்துப் பள்ளியின் தகரக் கூரையை மாற்ற மேனேஜர் துரை சனி, ஞாயிறு இரண்டே நாள் கொடுத்திருக்கிறார். திங்களன்று பள்ளி திறக்கும்போது கூரை இல்லையென்றால் பிள்ளைகளை லோரியில் டவுன் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, கட்டடத்தை உரக் கிடங்காக்கிவிடுவாராம். உன் தங்கை கலாவதி இப்போதுதான் இரண்டாம் வகுப்புக்குப் போகிறாள். உங்கள் பாலத்து வேலையைப் பெட்டி பெட்டியாகப் பிரிப்பதைத் தீபாவளிக் கடிதத்தில் வரைந்து அனுப்பினாயே, அதைப் பார்த்து நானும் ஒன்று வரைந்தேன். மேலே கூரை, அதன் கீழே கழற்றுவது, மரம் மாற்றுவது, தகரம் அடிப்பது, உள்ளே இருக்கும் புத்தகங்களைக் காப்பது, ஒவ்வொன்றையும் ஒருவர் கைக்கு அடங்கும்வரை பிரித்துக்கொண்டே போனதில் பத்தொன்பது வேலை வந்தது.

மண்டோர் ரெங்கசாமி அண்ணனுக்கு இது பிடிபடவில்லை. காலையில் ஆட்களை நிறுத்தும் பெரட்டில் முதலில் ஆளைக் கூப்பிட்டு, பிறகு அவனுக்கு ரப்பர் மர நிரையைக் கொடுப்பதுதான் அவர் பழக்கம். நான் வேலையை எழுதிவிட்டு ஆளைக் கடைசியில் எழுதச் சொன்னதும், என்னா தங்கச்சி, கூரைக்கு ஜாதகம் எழுதிக்கிட்டு வந்திருக்கே என்றார், எல்லாரும் சிரித்தார்கள். ஆனாலும் பதினெட்டுப் பெட்டிக்குப் பெயர் விழுந்துவிட்டது. மிஞ்சியது ஒன்றுதான், மழை வந்தால் ஏறித் திறந்த கூரைமேல் கேன்வஸை இழுத்துக் கட்டுவது. அதுக்கெல்லாம் பேரு எதுக்குலா, மழை வந்தா எல்லாரும் ஓடி வருவோம்ல என்று அவரே அதில் ‘எல்லாரும்’ என்று எழுதினார். போன வருடத் திருவிழாவுக்கு எல்லாரும் கொண்டுவருவதாக இருந்த குடிதண்ணீரை ஒருவரும் கொண்டுவராதது எனக்கு நினைவு வந்தது. சொல்லவில்லை. சொன்னால், அப்போ நீயே ஏறு என்பார்கள், ஏணியில் நாலு படிக்கு மேல் எனக்குக் கால் நடுங்கும் என்பது உனக்குத் தெரியும்.

இரண்டு நாள் யோசித்தேன். இன்று ஆபீஸ் சுவரில் ஒட்டியிருந்த அந்தத் தாளில் ‘எல்லாரும்’ என்பதை அடித்துவிட்டு என் பெயரை எழுதினேன், பக்கத்து வீட்டுக் காளியம்மா தன் பெயரையும் சேர்க்கச் சொன்னாள். மாலையில் இருவரும் மூன்று முறை ஏறி இறங்கிப் பார்த்தோம். முப்பத்தெட்டு வயதில் ஏணி ஏறப் பழகுகிறேன். நாளை கால் நடுங்கினாலும் ஏறுவேன். நீயும் பாலத்து மேல் சிலிப்பர் போட்டுக்கொண்டு நடக்காதே, அத்தைக்கு இரண்டு வரி எழுத மறக்காதே. எடுத்த வேலையெல்லாம் உனக்குக் கைகூடட்டும்.

உன் அம்மா,
இராஜம்மா

பி.கு. இன்று திங்கள், தபாலில் போடும் முன் இதையும் எழுதுகிறேன். சனிக்கிழமை மூன்று மணிக்கு மழை பிடித்தது. எல்லாரும் லயத்து வீடுகளுக்கு ஓடினார்கள். நானும் காளியம்மாவும் ஏறினோம். இன்று காலை புதுக் கூரையின் கீழ் முப்பத்தொரு பிள்ளைகள் உட்கார்ந்தார்கள்.