யார் கடித்த மரம்?

என் செல்ல மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நான் நலம், அப்பாவும் நலம், அவருடைய முழங்கால் மட்டும் நலமில்லை என்று தினமும் மூன்று வேளை அறிவிக்கிறார். நீயும் மாப்பிள்ளையும் எப்படி இருக்கிறீர்கள், வயிற்றில் இருக்கிற வாண்டு உன்னைத் தூங்கவிடுகிறதா? பிள்ளையோடு வரும்போது நான் குழந்தையில் படுத்த குட்டி மரக்கட்டிலில்தான் அதைப் போடுவேன், பத்திரமாக இருக்கிறதா என்று போனில் கேட்டாயே, நானும் பரணில் ராஜா மாதிரி இருக்கிறது என்று அடித்துச் சொன்னேனே, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். உட்கார்ந்து படி, பதறாதே.

ஞாயிற்றுக்கிழமை நம் தெருமுனை நூலகத்தில் பிள்ளைகளுக்குக் காடு, மரம் பற்றி இலவசமாக ஒரு நிகழ்ச்சி. வளையத்தை எண்ணி மரத்தின் வயசைச் சொல்வது, எந்தக் கட்டை மிதக்கும் என்று வாளியில் போட்டுப் பார்ப்பது, ரம்பம் பிடிப்பது எல்லாம் உண்டு. அறுத்துப் பழகப் பழைய மரம் யார் தருவீர்கள் என்று நூலகக்காரம்மா கேட்டதும் உன் அம்மா சும்மா இருப்பாளா, மாடி வீட்டுக்காரி கை தூக்குவதற்குள் நான் தூக்கிவிட்டேன். பரணில் போர்வை சுற்றிய ஒரு மூட்டை கிடந்தது. உடைந்த புத்தக அலமாரிதான் என்று நினைத்து, முடிச்சைக்கூட அவிழ்க்காமல் கொண்டுபோய்க் கொடுத்தேன். எல்லோரும் பாராட்ட, வெட்கப்படுகிறவள் மாதிரி நின்றேன்.

வனத்துறையிலிருந்து வந்த பெண் ஒரு மேஜையில் 'யார் கடித்தது?' என்று அட்டை வைத்து, அணில் கொறித்தது, வண்டு துளைத்தது என்று மரத்துண்டுகளைப் பரப்பியிருந்தாள். என் மூட்டையைப் பிரித்தவள் ஒரு சட்டத்தை மட்டும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். விளிம்பு பூராவும் பல் பதிந்திருந்தது. எலி என்றால் இவ்வளவு அகலம் வராதே, காட்டில் இப்படி ஒன்றைப் பார்த்ததே இல்லையே என்று குழம்பி, 'அடையாளம் தெரியாத பிராணி' என்று ஓர் அட்டையில் எழுதி அதையும் மேஜையில் வைத்துவிட்டாள். முள்ளம்பன்றியாக இருக்கும் என்று நான் வேறு கருத்துச் சொன்னேன். ஒரு சின்னப் பெண் மட்டும், எங்க தம்பி இப்படித்தான் கடிப்பான் என்றது. எல்லோரும் சிரித்தோம்.

அப்போதுதான் டீ தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு அப்பா வந்தார். ஜன்னலுக்குப் புதுத் திரை மாட்டினால் மூன்று மாசம் கழித்து எப்போ வாங்கினே என்று கேட்கிற மனுஷன், அந்த மேஜை முன்னால் நின்றுவிட்டார். விரலால் அந்தப் பள்ளங்களைத் தடவிப் பார்த்துவிட்டு, அடிப்பாவி, இது நம்ம பொண்ணு பல்லுடீ என்றார். சுமந்து பெற்றவள் நான், முள்ளம்பன்றி என்றேன் பார். மத்ததெல்லாம் எங்கே என்று கத்திக்கொண்டு, முழங்காலை மறந்து ஓடினார்.

அதற்குள், கழற்றி மூட்டை கட்டியிருந்த உன் கட்டிலின் ஒரு காலைப் பிள்ளைகள் நாலு விரல் அறுத்து முடித்திருந்தார்கள். உனக்கு என்ன பதில் சொல்வேன் என்று நான் அங்கேயே மூக்கைச் சிந்த ஆரம்பித்தேன். ரம்பம் பிடிக்கச் சொல்லிக்கொடுத்த தச்சர்தான், இதுக்கா அழறீங்க, மத்த மூணையும் அதே அளவுக்கு அறுத்துட்டா ஆடாம நிக்கும் என்றார். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். முறை வைத்து அறுத்து, உப்புத்தாள் போட்டு வழவழவென்று தேய்த்து, பூட்டி நிறுத்தியே கொடுத்துவிட்டார்கள். கடித்த சட்டத்தில் மட்டும் உப்புத்தாள் படக்கூடாது என்று அப்பா காவல் நின்றார். நான்தானே முதல்ல சொன்னேன் என்று அந்தச் சின்னப் பெண் எல்லோரிடமும் போய்ச் சொல்லிவிட்டு வந்தது.

கட்டில் இப்போது கூடத்தில் நிற்கிறது, நீ விட்டுப்போனதைவிடக் குள்ளமாக. குனிந்து பிள்ளையைத் தூக்கும்போது என் இடுப்பு தண்டனையை அனுபவிக்கட்டும். மாடி வீட்டுக்காரி உனக்குப் போன் போடுவதற்குள் முந்திக்கொள்ளத்தான் இந்தக் கடிதம். உன் மாமியாரிடம் மட்டும் சொல்லிவிடாதே. கனம் எதையும் தூக்காதே, நேரத்துக்குச் சாப்பிடு, பாத்திரத்தை மாப்பிள்ளை கழுவட்டும், கை தேய்ந்துவிடாது. நல்லபடியாகப் பெற்றெடுத்து மூன்று பேராக வந்து சேருங்கள், எங்கள் ஆசி எப்போதும் உண்டு. வரும் தேதியை முன்கூட்டியே எழுது. அந்தப் பிராணி அட்டையை அப்பா கேட்டு வாங்கி வந்து கட்டிலில் கட்டியிருக்கிறார், கழற்றவிட மாட்டேன் என்கிறார். எதிர்ப்பக்கச் சட்டத்தில் இன்னும் ஒரு பல்லும் படவில்லை, காலியாக இருக்கிறது.

இப்படிக்கு,
அடையாளம் தெரியாத பிராணியைப் பெற்ற
அம்மா