டயரில் சுற்றி வந்த நாடா

நவம்பர் 21, செவ்வாய்

காலை தூறல். பாதுக்கை தாண்டினதும் கொட்டு மழை. எட்டரைக்குக் காட்டுக்குள் இறங்கியாச்சு. வன இலாகாக் கந்தோர்க் கடிதம் பொலித்தீன் உறைக்குள், சட்டைப் பையில். அனுமதி என் பெயருக்கு: இன்று பாதை குறிக்க, ஞாயிறு ஓட.

நுகேகொடை டொக்டரும் கூட்டாளிகளும் பன்னிரண்டு மவுண்டன் பைக் வாங்குவார்கள், காட்டுப் பாதையில் ஓடிப் பார்த்த பிறகுதான். நியாயம். கொட்டாஞ்சேனை ரோட்டில் ஓட்டிக்காட்டி விற்கிற சாமான் இல்லை இது. பதினாறு வருஷமாய் என்னோடு நிற்கிற நிஸாமை விட்டால் பிரேக் செட் பண்ண ஆளில்லை. அவனைச் சைக்கிள் கடையில் விட்டு நானே வந்தேன்.

முதலில் பழைய மரம் இழுத்த ரோட்டு, பிறகு ஒற்றையடிப் பாதை. வேரில் முன்சில்லு வழுக்கி இரண்டு தரம் விழுந்தேன். இறக்கத்தில் பின்னுக்குத் தள்ளி இருக்கவேண்டும், முன் பிரேக்கைத் தொடக்கூடாது. வாங்க வருகிறவனுக்கெல்லாம் சொல்வது. எனக்குச் சொல்ல ஆளில்லை.

மரங்களில் அடையாளம் கட்டினது டயர் நாடா. புது டயரில் சுற்றி வருகிற பிளாஸ்டிக். எறிய மனமில்லாமல் ஒரு சாக்கு சேர்த்து வைத்திருந்தேன், இன்று உதவிச்சு.

மஞ்சள், நேரே போ: 22
சிவப்பு, இறக்கம், மெல்ல: 9
இரண்டும் முறுக்கி, சந்தி, பார்த்துத் திரும்பு: 5

காட்டுக் காவலாளி சோமபால தேத்தண்ணி தந்தார். "லஸ்ஸனட பெந்தலா, முதலாளி." வடிவாய்க் கட்டியிருக்காம். நல்ல மனிசன்.

கால் முழுக்க அட்டை. உப்புப் போட்டு எடுத்தது.

நவம்பர் 22, புதன்

நல்ல வெயில். தோய்க்க எடுத்த காற்சட்டைப் பையிலிருந்து கமலா மிச்ச நாடாவை இழுத்தாள். சிவப்பும் மஞ்சளும் முறுக்குண்டு வந்தது. குசினி வாசலில் அப்படியே நின்றாள்.

"இஞ்சேருங்கோ, இதென்ன?"

"டயர் நாடா. பாதைக்குக் கட்டினது."

"எதில கட்டினியள்?"

"மரத்தில. வேற எதில கட்டுறது?"

"சிவப்பும் மஞ்சளும்? இந்தக் கிழமை?"

அப்போதுதான் தலைக்குள் ஏறினது. இயக்கத்தின் கொடி நிறம். வாற திங்கள் 27, மாவீரர் நாள், இயக்கம் கொடியேற்றி விளக்கு வைக்கிற நாள். யாழ்ப்பாணத்தில் பிறந்த தமிழன் ஒருவன் தனியே காட்டுக்குள் போய் மரத்துக்கு மரம் கட்டிவிட்டு வந்திருக்கிறான், முப்பத்தாறு இடத்தில். கடிதத்தில் பெயர், அடையாள அட்டை ஐ.சி. நம்பர், வெள்ளவத்தை விலாசம் எல்லாம் தெளிவாய்.

மிச்ச நாடாவைப் பொடியாய் வெட்டிக் கக்கூசுக்குள் போட்டேன். மிதந்தது. மூன்று வாளி தண்ணி ஊற்றித்தான் போனது.

பன்னிரண்டு பைக்கையும் யோசித்த மண்டை நிறத்தை யோசிக்கவில்லை. முப்பது வருஷ வியாபாரம், இதுதான் புத்தி.

நவம்பர் 23, வியாழன்

விடிய மழை. கடை திறந்ததும் நிஸாமிடம் சொன்னேன். சிரித்தான்.

"மொதலாளி, கொடி ஏத்தாத கொறதான். வெளக்கும் வச்சீங்களா?"

"வாயை மூடடா. சிரிக்கிற விஷயமே இது?"

என் முகத்தை வடிவாய்ப் பார்த்தான். சிரிப்பு நின்றது. "தனியப் போகாதீங்க. நானும் வாரன்."

லொறியை நான் ஓட்டினேன். வழியில் நாலு சென்றி, ஆமி மறித்து ஐ.சி. பார்க்கிற இடம். கடிதத்தில் வியாழன் இல்லை. இரண்டாம் சென்றியில் ஐ.சி.யை வாங்கினவன் பிறந்த இடத்தை வாசித்தான், என்னைப் பார்த்தான், திரும்ப வாசித்தான். நிஸாம் இறங்கிச் சிங்களத்தில் பைக், கியர், டொக்டர் என்று அளந்துதள்ளினான். விட்டாங்கள். முதுகு தெப்பம், மழையில் இல்லை.

அவிழ்த்தோம். பதிலுக்கு வெள்ளைத் துணி கட்டினோம். மஞ்சள் 22 சரி. சிவப்பு 9 சரி. முறுக்கினது 4.

ஓடை கடக்கிற சந்தியில் கட்டினது இல்லை. அறுந்த துண்டும் கீழே இல்லை. ஈரப் பட்டையில் நாடா இறுக்கின தடம் மட்டும். காற்று முடிச்சு அவிழ்க்காது.

சோமபாலவைக் கேட்கலாம். கேட்டால் ஏன் கேட்கிறாய் என்று வரும். கேட்கவில்லை.

கடைக்குப் பின்னால் எல்லாவற்றையும் எரித்தோம், சாக்கையும் சேர்த்து. அதோடு விட்டேனா? கடையில் தொங்குகிற புது டயர் எல்லாவற்றிலும் நாடாவை உரிக்கச் சொன்னேன்.

"இது வாரப்பவே சுத்தி வந்தது மொதலாளி. ஈக்கட்டுமே."

"உரி எண்டால் உரி. ஒரு இழை இஞ்ச இருக்கக்கூடாது."

உரித்தான்.

நவம்பர் 24, வெள்ளி

நிஸாம் ஜும்மாவுக்குப் போன நேரம் கடைக்கு முன் வெள்ளை வான். ஆட்களைத் தூக்குவது அதில்தான். பத்து நிமிஷம் நின்றது. கல்லாவுக்குப் பின்னால் குந்திக்கொண்டு செருப்பைத் தேடுகிற மாதிரி இருந்தேன். பேக்கரிக்குப் பாண் இறக்க வந்ததாம்.

லண்டனிலிருந்து மச்சான் போன் எடுத்தான். சுகமில்லை என்று சொல்லி வெட்டினேன். அவன் கதைக்கிற இயக்கக் கதை இப்போது வேண்டாம்.

டைனமோ பல்ப் முடிந்துபோச்சு. எடுக்கவேண்டும்.

நவம்பர் 25, சனி

டொக்டருக்கு போன் போட்டு, மழை, பிறகு ஒரு நாள் வைப்போமா என்றேன். மழைக்குத்தானே இந்த பைக் என்று சிரிக்கிறார். இன்னும் கெஞ்சினால் ஏன் என்று யோசிப்பார். விட்டுவிட்டேன்.

கமலா: "நிஸாமை அனுப்பிப்போட்டு நீங்கள் நில்லுங்கோ."

"கடிதம் என்ர பேரில. நான் இல்லாட்டி அதுதான் முதல் கேள்வி. நீர் சும்மா இரும்."

நாளைக்கு: பம்ப், டியூப் 6, டயர் 6, அலன் கீ, தண்ணி, கடிதம், ஐ.சி., பொலிஸ் பதிவுத் துண்டு, பனடோல்.

நவம்பர் 26, ஞாயிறு

பின்னேரம் ஆறு. உள்ளதை எழுதுகிறேன்.

காலை வெயில். நிஸாமும் நானும் லொறியில், டொக்டர் கூட்டம் பின்னால். சோமபாலவின் குடிலடியில் ஆமி ஜீப். கோப்ரல் ஒருவன் கையில் என் நாடா, சிவப்பும் மஞ்சளும். ஓடையடியில் ரோந்து போனபோது எடுத்ததாம்.

"மேக்க கவுத பெந்தே?" யார் கட்டினது என்று எல்லாருக்கும் பொதுவாய்க் கேட்டான்.

சோமபால நிலத்தைப் பார்த்தார். அவருக்குத் தெரியும். டொக்டர் என்னைப் பார்த்தார். நான் என்பதற்குச் சிங்களத்தில் மம. இரண்டே எழுத்து. சட்டைப் பைக் கடிதத்தைத் தடவிக்கொண்டு நின்றேன்.

"மம, சேர்." நிஸாம்.

டயர் நாடா, பாதைக்குக் கட்டினது, இன்னொன்றுமில்லை என்று விளக்கினான். கோப்ரல் கத்தவில்லை, அடிக்கவில்லை. அப்படியென்றால் அந்த நாடா சுற்றின டயர் ஒன்றைக் காட்டு என்றான். லொறியில் ஆறு டயர். ஆறும் நாடா உரித்த மொட்டை.

"கடைல ஈக்கா மொதலாளி?" நிஸாம் தமிழில் கேட்டான், என் பக்கம் திரும்பாமல்.

"இல்லை."

அங்கே நான் வாய் திறந்தது அதற்கு மட்டும்தான்.

நிஸாமை ஜீப்பில் ஏற்றினாங்கள். ஏறும்போது: "எட்டாம் நம்பர்ட பின் பிரேக் லூஸ். பாத்துக்கோங்க."

ஓட்டமும் நடந்தது. வேரில் பாய்ந்து, ஓடையில் விழுந்து, சேறும் சிரிப்புமாய் வந்தார்கள். பன்னிரண்டும் விலைப்பட்டது. நான் தண்ணிப் போத்தல் நீட்டிக்கொண்டு நின்றேன். எட்டாம் நம்பரை இறுக்கினேன், மூன்று தரம்.

டொக்டர் முகாமுக்கு போன் பண்ணினார். அப்படி ஒரு டயரைக் கொண்டுவந்து காட்டினால் விடுவாங்களாம். நாளைக்குள். இல்லாவிட்டால் மேலிடத்துக்கு.

வரும் வழியில் நிஸாமின் வீடு. பரீனா கதவடியில்: "எங்க அவர்? போனும் ஆன்சர் இல்லையே?"

"ஒரு வாக்குமூலம் தங்கச்சி. நாளைக்கு வந்திடுவான்."

கட்டினது நான் என்று சொல்லவில்லை. அவளுக்கும் சொல்லவில்லை.

நவம்பர் 27, திங்கள்

காலை எட்டு. மழை. ஒருகொடவத்தைக் களஞ்சியம். போன இறக்குமதியில் பிரிக்காத டயர்க் கட்டு ஒன்று இங்கே கிடக்கிறது என்று விடியத்தான் ஞாபகம் வந்தது.

கட்டை வெட்டினேன். பத்து டயர். நீலம். பச்சை. நீலம். வெள்ளை. வெள்ளை. பச்சை. நீலம். நீலம். ஒன்பதாவது சிவப்பும் மஞ்சளும், பக்கத்துக்குப் பக்கம், புத்தம் புதுசாய்.

கமலா போனில் அழுகிறாள். "இண்டைக்கே? இருபத்தேழில? சாக்கில சுத்தி ஒளிச்சாவது கொண்டு போங்கோ."

"ஒளிச்சுப் பிடிபட்டால் அதுக்கு வேற கதை சொல்லோணும்."

"நாடாவைக் கழட்டிப் பையில வையுங்கோவன்."

"கழட்டினால் அது வெறும் டயர். நிஸாமுக்கு உதவாது."

இனி முகாமுக்கு நாலு சென்றி. லொறியில் முன் சீற்றில் எனக்குப் பக்கத்தில் டயர், கண்ணாடிக்கூடாக எல்லாரும் பார்க்க. மூடவில்லை.

மம தமய் பெந்தே, சேர். நான்தான் கட்டினது. பத்துத் தரம் சத்தமாய்ச் சொல்லிப் பார்த்தாச்சு. வருகிறது.

இந்தக் கொப்பி என்னோடு வரக்கூடாது. கட்டுக்குள், ஒன்பதாவது டயர் இருந்த இடத்தில் வைக்கிறேன்.