ரொறன்ரோவில் இருந்து வந்த பதில்

2025 பெப்ரவரி 3, திங்கள்

மூன்று சேர்வர் கணினிகளையும் பிரித்துத் தூசி தட்டினேன். அந்த மூன்றுக்குள் பதினொரு மெய்நிகர்க் கணினிகள். எங்கள் ஆய்வுகூடத்தின் தெல்லிப்பழை, புத்தூர்க் கிளைகளில் எடுக்கும் இரத்தப் பரிசோதனை முடிவுகள் எல்லாம் அவற்றில்தான். அவற்றை ஓட்டும் மென்பொருளுக்கு ஏப்ரலோடு ஆதரவு முடிகிறது. வேறொன்று தெரிவுசெய்ய வேண்டும்.

பெப்ரவரி 20

இரண்டு மென்பொருள்களைச் சோதித்தேன். இலவசமானது எங்கள் பழைய பெட்டிகளில் தடையின்றி ஓடுகிறது. மின்சாரத்தைப் பிடுங்கினேன், நான்கு நிமிடத்தில் எழும்பியது. விலைக்கு வாங்குவதோ எங்கள் வன்வட்டுகளையே அடையாளம் காணவில்லை. பதினான்கு பக்க அறிக்கையை முதலாளி கிறிஸ்துநாயகத்திடம் கொடுத்தேன்.

பெப்ரவரி 24

முதலாளி அறிக்கையைத் திறக்கவேயில்லை. அண்ணையைக் கேட்டுச் சொல்கிறாராம். சுவருக்கு என்ன நிறம் என்பதும் கனடாவில், ரொறன்ரோவில் இருக்கும் அந்த அண்ணை சிமியோனைக் கேட்டுத்தான். ஆனால் அவர் அங்கே ஒரு தரவு மையத்தில் வேலை. விளங்கக்கூடிய ஆள்தானே?

பெப்ரவரி 26

அண்ணை சொன்னது விலைக்கு வாங்குவதைத்தானாம்! அது ஓடாது என்று முதலாளியிடம் சொன்னேன். "அவருக்குத் தெரியாதது உமக்குத் தெரியுமோ?"

பத்து வருசம் அந்தச் சேர்வர் அறைக்குள்ள நிண்டவள் நான். விசர் வருது.

மார்ச் 3

நோன்பு திறந்த பிறகும் கோபம் இறங்கவில்லை. உம்மா கேட்டார். ஒன்றுமில்லை என்றேன்.

மார்ச் 5

வரவேற்பில் இருக்கும் றஜிதாவிடம் இலக்கம் வாங்கிச் சிமியோனை நானே அழைத்தேன். வட்டுகளைப் பற்றி விளக்கினேன். முழுவதையும் கேட்ட பிறகு சொன்னார்:

"தங்கச்சி, நான் அங்கை வாசல்ல செக்கியூரிட்டி. உள்ளுக்குப் போற பொடியளின்ரை ரீசேட்டில அந்த மென்பொருளின்ரை பேர் கிடக்கும். தம்பி கேட்டான், சொன்னன்."

தெரியாது என்று சொல்லியிருக்கலாமே என்றேன். இருபது வருசத்தில் தம்பிக்கு ஒருதரமும் அப்படிச் சொன்னதில்லையாம். தம்பிக்குச் சொல்ல வேண்டாம் என்று கெஞ்சினார்.

"சொல்லமாட்டன். ஆனால் என்ரை அறிக்கையில இருக்கிறதைச் சொல்லுங்கோ."

அந்த அறிக்கையையும் நானே அவருக்கு அனுப்ப வேண்டியிருக்கிறது. வெட்கம் கெட்ட வேலை.

மார்ச் 7

அண்ணை இலவசமானதைப் போடச் சொல்லிவிட்டாராம். எவ்வளவு ஆராய்ந்திருக்கிறார் என்று முதலாளிக்கு வாயெல்லாம் பல். என்னுடைய ஒன்பதாம் பக்கத்தை எனக்கே வரிக்கு வரி சொன்னார்.

ஏப்ரல் 4

பதினொன்றும் மாறிவிட்டன. ஒரு முடிவும் தொலையவில்லை. கூட்டத்தில் சிமியோனுக்குக் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

பிறகு முதலாளி என்னைத் தனியே கூப்பிட்டார். "அஸ்மியா, இனி உப்பிடியான விசயத்துக்கு நேரா அண்ணையோடை கதையும். அவர் சொல்லித் தருவார்."

ஓம் என்றேன்.

பின்னேரம் ரொறன்ரோவில் இருந்து அழைப்பு. கண்காணிப்புக் கமரா எதை வாங்கலாம் என்று தம்பி கேட்டிருக்கிறானாம். என்ன சொல்வது என்று என்னைக் கேட்கிறார்.