ஷைனியின் இருட்டறை

செவ்வாய், மூன்றாம் குடில். புயலின் 2ஆம் நாள், 17:40

காற்று சரி. வெப்பம் சரி. மின்சாரம் பாதி, சூரியத் தகடுகளைத் தூசி மூடிவிட்டது. பதிவு செய்வது மூளை ஆய்வாளர் பெனிட்டா. உடன் இருப்பது மகள் ஷைனி, நான்கு வயது, வலிப்பு உண்டு. இன்று அபாய விளக்கு மின்னியபோது ஒரு முறை வந்தது. மருந்து நாளையோடு தீரும். அறையை இருட்டாக்கி, காதில் பஞ்சு வைத்து, கொலுசைக் கழற்றிவிட்டேன். வெளிச்சமும் சத்தமும் இல்லாவிட்டால் மூளைக்கு ஓய்வுதானே.

தலைமை நிலையத்திலிருந்து கணவர் ஜெபசிங்: "ஏட்டி, நான் ஊர்லேருந்து கொண்டுவந்த பைக் சாவிக்கொத்து அலமாரில கெடக்கு. பிள்ளைக்க கையில குடு. வலிப்புக்கு இரும்பு நல்லதுன்னு சொல்லுவாவ. பாட்டு மட்டும் பாடிராத, பிள்ள பாவம்."

மூளையைப் படித்தவளிடம் இரும்பா! கொடுக்கவில்லை.

4ஆம் நாள், 07:15

விடிவதற்குள் மூன்று முறை. மருந்தும் இல்லை. ஒரு பொட்டு வெளிச்சம்கூட விடவில்லையே, பிறகு ஏன்? தலையில் மாட்டிய உணர்விகளைப் பார்த்தேன். அமைதியில் மூளை அலைகள் அடங்கவில்லை, ஏறுகின்றன.

4ஆம் நாள், 11:00

புரிந்தது. நிலையம் கிடைக்காத ரேடியோவில் ஒலியைக் கூட்டிக்கொண்டே போனால் இரைச்சல்தான் அலறும். எதுவும் வந்து சேராத மூளையும் தன்னைத்தானே கூட்டிக்கொள்கிறது; சிலருக்கு வலிப்பு, சிலருக்கு இல்லாத சத்தம் கேட்கும். எலிகளிடம் இதை நானே அளந்திருக்கிறேன். பெற்றவளுக்குப் பயம் வந்ததும் படித்ததெல்லாம் எங்கே போயிற்றோ.

பஞ்சை எடுத்தேன். மெல்லிய விளக்கு. கொலுசு. சாவிக்கொத்தையும் கொடுத்தேன், இரும்புக்காக அல்ல, குலுக்கி விளையாட. பாடினேன். "அம்மா, வேற பாட்டு" என்றாள்.

5ஆம் நாள், 09:20

நேற்று மதியத்துக்குப் பிறகு வலிப்பு ஒரே முறை. ஜெபசிங் மருந்தோடு வண்டியில் கிளம்பிவிட்டார். "படிச்சவ சாவி குடுத்திட்டால்லா! வாறேன், மூணு மணிக்கூர்ல."

5ஆம் நாள், 16:05

வண்டி பள்ளத்தில் சரிந்துவிட்டது. புயல் அடங்காமல் மீட்புக்குழு கிளம்பாது. "வெளக்கு போச்சு, வண்டிய மண்ணு மூடிட்டு. கண்ணத் தொறந்தாலும் மூடுனாலும் ஒண்ணுதான். ஒரு சத்தமும் இல்ல. மூச்சுக் காத்து நாளைக்கி வரைக்குந்தான் வரும். பெனிட்டா, என்னமாவது பேசிட்டே இரி."

பேசிக்கொண்டே இருந்தேன். ஷைனி பிறந்த நாள், மீன்குழம்பு, வாய்க்கு வந்ததெல்லாம்.

6ஆம் நாள், 06:30

மிச்ச மின்சாரம் ஒன்றுக்குத்தான் போதும். அவரிடம் பேசும் கருவி, அல்லது ஷைனியின் அறைக்குச் சூடும் வெளிச்சமும். அவரிடமே சொன்னேன்.

ஷைனிக்கு ராத்திரி வலிப்பு வந்ததா என்று கேட்டார். பிறகு: "செரி. பிள்ளையப் பாரு."

கருவியில் ஒலியை அனுப்பும் பகுதியின் மின்கலனைக் கழற்றி அவள் அறைக்கு மாற்றினேன்; ஒலியை வாங்கும் பகுதிக்குச் சொற்ப மின்சாரமே போதும். இனி அவர் பேசுவது எனக்குக் கேட்கும். நான் பேசுவது அவருக்குக் கேட்காது.

6ஆம் நாள், 13:50

ஷைனி சாவியைக் குலுக்குகிறாள். இன்று வலிப்பே இல்லை. இதைப் படிக்கும் மருத்துவருக்கு: வலிப்புக் குழந்தையை வெறும் இருட்டில் பூட்டிவைக்காதீர்கள்.

இப்போது அவர் குரல் வந்தது, சந்தோஷமாக.

"நல்லாத்தான் பாடுத, ஏட்டி. சும்மா கேலிக்குச் சொன்னேன். பிள்ள சாவி குலுக்குறதும் கேக்குது. நிறுத்திராத, என்னா?"

காலையிலிருந்து இங்கிருந்து ஒரு சத்தமும் வெளியே போகவில்லை.

பாடிக்கொண்டேதான் எழுதுகிறேன். நிறுத்தவில்லை.