அப்பா கொடுத்த தவறான எண்

அன்புள்ள மகளுக்கு, அம்மா எழுதுவது. நான் சுகம். நீ சுகமில்லை என்பது போன வாரம் தொலைபேசியில் நீ பேசாமலிருந்த நேரத்திலேயே தெரிந்துவிட்டதால், அதைக் கேட்டு மையை வீணாக்கவில்லை. அப்பா போய் மூன்று மாதமாக நீ கேட்பது ஒரே கேள்வி. காலையில் ஒரு ரத்த அழுத்த மாத்திரை போதாது, இரண்டு போடச் சொல்லுங்கள் என்று மருந்து படித்த நீ சொன்னது அவருக்கு அதிகமாகிவிட்டதா? பதில் அவர் தினமும் எழுதிவைத்த உடம்புக் குறிப்பில்தான் இருக்கும், அது அந்தப் பெட்டிக் கணினியில் இருக்கிறது. தையல் மிஷின் கனத்தில் கைப்பிடி வைத்து, கையில் எடுத்துப்போகலாம் என்று விற்றார்களே, அதுதான். யாருடைய கை என்று அவர்கள் சொல்லவில்லை.

அப்பாவோடு வேலை பார்த்த திருகாணி மாமாவைக் கூப்பிட்டேன். சுவிட்சைப் போட்டதும் விசிறி சுற்றியது, ஆரஞ்சு நிற எழுத்து வந்தது, பிறகு உள்ளேயிருந்து, அப்பா தொண்டையைச் செருமிக் கூப்பிடுவது போல ஒரு சத்தம். சமையலறையிலிருந்த நான் இதோ வரேன் என்று சொல்லிவிட்டேன். மாமா நாகரிகமானவர், காதில் விழாதது போல இருந்தார். ஆனால் ஹார்ட் டிஸ்க்கே கிடையாது என்று சாதித்தது கணினி. "உள்ள இருக்கிற குட்டி பேட்டரி செத்துப்போச்சு அண்ணி, தன் வயித்துல என்ன டிஸ்க் இருக்குன்னே அதுக்கு மறந்துபோச்சு, நாமதான் எடுத்துச் சொல்லணும்" என்றார். அதற்கென்று நாற்பத்தேழு வகை கொண்ட ஒரு பட்டியல் திரையில் வந்தது. பெட்டியைத் திறந்து டிஸ்க்கின் மேல் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்தோம். இத்தனை வட்டம், அதைப் படிக்க எட்டுத் தலை என்றிருந்தது. இரண்டு தலை இருந்த இந்த வீட்டிலேயே என்ன பாடு என்று நினைத்துக்கொண்டேன். அதே வகையைக் கொடுத்தோம், சுழன்றது, செருமியது, ஒன்றுமில்லை என்றது. மூன்று நாள் இப்படியே. அணைத்தால் மறுபடி மறதி, மறுபடி முதலிலிருந்து. "புதுசா ஃபார்மட் பண்ணா ஓடிரும், ஆனா உள்ள இருக்கிறது மொத்தமும் போயிடும்" என்றார் மாமா. ஓடி என்ன செய்ய, நாம் இருவரும் உட்கார்ந்து சீட்டாடவா என்றேன். ஒவ்வொரு நாளும் அந்தச் செருமல் வரும்போது மாமா நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார், அந்த இடத்தில் இன்னொருவர் உட்கார வழிவிடுவது போல.

நான்காம் நாள் காலை அவரே சொன்னார். "சீட்டுல இருக்கிறது சரியான எண்தான் அண்ணி. ஆனா முதல்ல மாட்டினப்போ அவர் என்ன எண் கொடுத்தாரோ அதைக் கொடுத்தாத்தான் திறக்கும். அவர் தப்பா கொடுத்திருந்தா, நாமளும் அச்சு அசலா அதே தப்பைத்தான் செய்யணும்." அப்பாவின் தப்புகளில் நாற்பத்தோரு வருஷ அனுபவம் உள்ளவள் நான், இந்தத் துறையில் எனக்குப் போட்டி கிடையாது. உனக்கே தெரியும், மின்விசிறியை நாலில் வைத்தால் அவர் வந்து இரண்டுக்குத் திருப்புவார். இஸ்திரிப் பெட்டியும் பாதிச் சூடுதான், வாளியும் பாதித் தண்ணீர்தான். எதையும் முழுசா ஓட்டினா சீக்கிரம் போயிடும் என்பார். எட்டுன்னு போட்டிருந்தா அவர் நாலுதான் கொடுத்திருப்பார் என்றேன். வட்டம் ஒத்துப்போய், தலை நாலாக இருந்த வகை பட்டியலில் ஒன்றே ஒன்று. கொடுத்தோம். திறந்துவிட்டது. மாமா கைதட்டினார். எனக்கு மட்டும் கைதட்ட வரவில்லை, ஏனென்றால் குறிப்பைப் படிப்பதற்கு முன்பே அதில் என்ன இருக்கும் என்று தெரிந்துவிட்டது.

அந்தக் கணினிக்குத் தமிழ் தெரியாது, ஆங்கில எழுத்தில் தமிழை அடித்திருக்கிறார். கண்ணால் பார்த்தால் ஒன்றும் புரியவில்லை, வாய்விட்டு வாசித்தால்தான் புரிகிறது. வாசித்தேன். என் வாயிலிருந்து அவர் பேசினார். மாமா எழுந்து வாசல் பக்கம் போய்விட்டார். ஒரு வரியை அப்படியே எழுதுகிறேன்: "மகள் ரெண்டு என்கிறாள். ஒன்று போதும். கேட்டால் ரெண்டு என்று சொல்லிக்கொள்ளலாம், குழந்தை சந்தோஷப்படட்டும்." அதற்குப் பிறகு கடைசி நாள் வரை, தினமும், ஒன்று, ஒன்று, ஒன்று. பக்கத்தில் அழுத்தத்தின் எண் ஏறிக்கொண்டே போகிறது. நீ சொன்னது சரி. அதை அவர் செய்யவே இல்லை. பழி சுமக்க ஆள் வேண்டுமென்றால் அதற்கும் உனக்கு உரிமையில்லை, இங்கே மூத்தவள் ஒருத்தி இருக்கிறேன். ஒரு மாதத்துக்கு வாங்கிய மாத்திரை இரண்டு மாதம் வந்ததைப் பார்த்தும், குளியல் சோப்பு ஒரு நாள் முன்னால் தீர்ந்தால் விசாரணை வைக்கிற நான், ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு, நன்றாகத் தூங்கு. நீயும் பிள்ளைகளும் நிறைந்த ஆயுளோடு இருக்க வேண்டும். பேட்டரி மாற்ற வேண்டும், அணையுங்கள் அண்ணி என்று மாமா தினமும் வந்து நிற்கிறார். இன்னும் அணைக்கவில்லை. முன்னறையில் அது செருமிக்கொண்டிருக்கிறது, நானும் பதில் சொல்வதை நிறுத்தவில்லை. என் தப்பில்லை என்று நம்பிவிட்டேன் என்று மறக்காமல் ஒரு வரி எழுது. அதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டிவிட்டு அணைத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா