x என்றால் நேரம்

ஜூன் 8, திங்கள்
காலையிலேயே அனல். ஜெராக்ஸ் கடைக்கு ஒரு வாரம் லீவு சொல்லியாச்சு. முதலாளி முகம் தொங்கிப்போனது. போகட்டும். ஞாயிறு சிதம்பரத்தில் குரூப் 4 பரீட்சை. போன தடவை ஒரே ஒரு கேள்வியில் கோட்டை விட்டேன். இதுதான் கடைசி. அடுத்த வருஷம் வயது வரம்பு தாண்டிவிடும்.
தமிழ்: பரவாயில்லை. பொது அறிவு: ஏதோ. வேகம், நேரம், தூரம்: நாசம்.

ஜூன் 10, புதன்
பன்னிரண்டு கணக்கு. ஏழு தப்பு. ஏழும் ஒரே தப்பு. தூரத்தைக் கேட்கிறான். நான் நேரத்தை x என்று வைத்து, x வந்ததும் அப்பாடா என்று அதையே விடையாக எழுதிவிடுகிறேன். வேகத்தால் பெருக்க வேண்டாமா? மரமண்டை.
என் வீட்டுக்காரர் பலாப்பழ லோடு ஓட்டுகிறவர். அவரைக் கேட்டேன்.
"மாமா, இங்கேருந்து பண்ருட்டி எவ்ளோ தூரம்?"
"முக்கா மணி நேரம்."
"கிலோமீட்டர்ல சொல்லு."
"அத வெச்சி என்னா பண்ணப்போற? லோடு ஏத்துனா ஒரு மணி நேரம் ஆவும்."
இந்தக் கடலூரில் யாரைக் கேட்டாலும் இதே பதில்தான். எனக்கு மட்டும் எங்கிருந்து விளங்கும்?

ஜூன் 13, சனி
மேகம் கட்டியது, மழை இல்லை. ஹால் டிக்கெட், ஆதார், கருப்புப் பேனா இரண்டு. சோறு இறங்கவில்லை. நாளைக்கு ஊத்திக்கொண்டால் ஆயுசுக்கும் ஜெராக்ஸ்தான். "பயப்படாத, உனக்கு இல்லாம யாருக்கு கெடைக்கும்?" என்கிறார் மாமா. பாத்ரூமில் போய் அழுதேன்.

ஜூன் 14, ஞாயிறு, மாலை
வீட்டுக்கு வந்தாச்சு. மாமாவிடம் இன்னும் சொல்லவில்லை.
திரும்பும் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் ஒரு பெண். அவளும் பரீட்சை எழுதியவள். இருபது வயது இருக்கும்.
"அக்கா, அந்த சைக்கிள் கணக்குக்கு என்னா போட்டீங்க?"
ஒருவர் மணிக்கு 4 கி.மீ. வேகத்தில் நடந்து போய், அதே வழியில் 12 கி.மீ. வேகத்தில் சைக்கிளில் திரும்பினார். மொத்தம் 8 மணி நேரம். தூரம் என்ன? 4x = 12(8 − x). தண்ணி பட்ட பாடு.
"ஆறு," என்றேன். பெருமையாக வேறு.
அவள் தயங்கினாள். "அது ஆறு மணி நேரம்க்கா. தூரம்தான கேட்டான்? இருபத்தி நாலு."
கருப்பு மையில் அடைத்த வட்டம். அழிக்க முடியாது. ஆலப்பாக்கம் வரை ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தேன்.
அவள் என் கையைத் தொட்டாள். "ஒரு கேள்விதானக்கா, உடுங்க. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."
"ஆமாம்மா," என்றேன்.