எடை கூடும் வாள்

இன்று காலை கம்பெனி பஸ்ஸில் எனக்குப் பின்னால் யாரோ எலுமிச்சம்பழத்தை நகத்தால் கீறினார்கள். வாசனை வந்ததும் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பினேன். உன் இடத்தில் வேறொரு பெண் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பஸ் ஏறினாலே உனக்குக் குமட்டும். ரெட்டியார்பாளையத்தில் ஏறும்போதே கையில் ஒரு எலுமிச்சம்பழம் இருக்கும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், பெயர்கூடத் தெரியாத என்னிடம், "பேசிக்கினே வந்தா எனக்கு வாந்தி வராது. ஒரு கதை சொல்றேன், கேட்டுக்கினு வரியா?" என்றாய். தலையாட்டினேன். கம்பெனி இருக்கும் சேதராப்பட்டு வருவதற்குள் நீ ஒரு நாட்டையே உண்டாக்கிவிட்டாய்.

அந்த நாட்டில் இரும்படிக்கிற ஒருத்தி இருந்தாள், மகனைப் போரில் பறிகொடுத்தவள். ராஜா அவளிடமே ஒரு வாள் கேட்கிறான். செய்து கொடுக்கிறாள், ஒரு மந்திரத்தோடு. அந்த வாள் யாரைக் கொன்றாலும் அவருடைய எடை அதற்குள்ளேயே தங்கிவிடும். முதல் போரில் அது இறகு மாதிரி இருந்தது. ராஜாவுக்கு நரை விழுவதற்குள் அதைத் தூக்க இரண்டு கை தேவைப்பட்டது. மகன் காலத்தில் நாலு பேர் சுமந்தார்கள். பேரன் அதை மாட்டுவண்டியில் ஏற்றினான். அவனுக்கு அடுத்தவன் யானைமேல் ஏற்றப் பார்த்தான். முட்டி போட்ட யானை எழுந்திருக்கவே இல்லை. கடைசியில் அரண்மனை முற்றத்தில் போட்டுவிட்டார்கள். ஒவ்வொரு மழைக்கும் அது மண்ணுக்குள் கொஞ்சம் இறங்கியது.

ஒரே மாதத்தில் பஸ் முழுக்க உன் பக்கம் சாய்ந்துவிட்டது. டிரைவர் தானாகவே பாட்டை நிறுத்தினார். பேக்கிங்கில் நம்மோடு வேலை செய்த வசந்தா அக்கா முன் சீட்டில் முட்டி போட்டுத் திரும்பி, "அந்த யானை செத்துப் போச்சாடி? அத மட்டும் இப்பவே சொல்லிடு" என்று சண்டைக்கு வந்தார். "நாளைக்கு" என்று நீ இறங்கிப் போனாய்.

இரண்டு வருடம் அப்படி ஓடியது. பிறகு உனக்கு மார்பில் கட்டி. ஜிப்மர் ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றிக்கொண்டு, தலையில் துண்டு கட்டிக்கொண்டு நீ வீட்டில் இருந்தபோதுதான் அந்த ஆள் வந்தார். இணையத்தில் கதைகளைக் குரலில் பதிந்து போடுகிறவர். யாரோ சொல்லிக் கேள்விப்பட்டிருக்கிறார். அன்று நானும் பக்கத்தில் இருந்தேன்.

"கதை சூப்பருங்க. ஆனா வாளு எடை கூடிக்கினே போனா ஹீரோ எப்படி சண்டை போடுவான்? கடைசில ஒரு இளவரசன் வரான், மந்திரத்த ஒடச்சி, ஒத்தக் கைல தூக்கறான். அப்படி வெச்சிடலாம்."

"அப்ப செத்தவங்க எடை எங்க போவும்?" என்று கேட்டாய்.

அவர் சிரித்தார். "கதைதானுங்களே."

"கதைதான். அதனாலதான் கேக்கறேன்."

அவர் போனதும் உன்னைத் திட்டினேன். "ஒத்துக்கினு இருந்தா உன் பேரு வெளிய வந்திருக்கும்டி. என்னா வீம்பு இது?" என்றேன். "நான் சொல்லாத கதைக்கு எம் பேரு எதுக்கு?" என்றாய். அதற்குக் கோபித்துக்கொண்டு இரண்டு நாள் உன்னைப் பார்க்க வரவில்லை. உன்னிடம் மிச்சமிருந்த நாட்களில் இரண்டை நானே வீணாக்கினேன்.

மூன்றாம் நாள் வந்தபோது நீ அதைப் பற்றிப் பேசவே இல்லை. முடிவைச் சொன்னாய். அரண்மனையில் சோறாக்குகிற ஒருத்தி ஊர் ஊராகப் போய், அந்த வாளுக்குச் செத்தவர்கள் யார் யார் என்று விசாரிக்கிறாள். நம் ஆள், எதிரி ஆள் என்று பார்ப்பதில்லை. திரும்பி வந்து வாள் முன்னால் நின்று ஒவ்வொரு பெயராகச் சொல்கிறாள். ஒரு பெயருக்கு ஒரு ஆளின் எடை குறைகிறது. அவள் ஆயுசு போதவில்லை, மகள் தொடர்கிறாள். ஒருநாள் வாள் கைக்கு வருகிறது.

"அப்புறம் அவ யார வெட்டுவா?" என்று கேட்டேன்.

"அத்தினி பேரும் தெரிஞ்சப்புறம் யாரடி வெட்டறது?" என்றாய்.

ஐப்பசியில் நீ போய்விட்டாய்.

காரியம் முடிந்த மறுவாரமே அந்த ஆள் உன் அண்ணனைப் பிடித்துவிட்டார். பெரிய மார்க்கெட்டில் உன் அண்ணனின் வாழையிலைக் கடைக்கு என்னை வரவழைத்தார்கள். நடுவில் வரும் பகுதிகள் எனக்குத்தான் தெரியுமாம், சொல்ல வேண்டுமாம். "செத்துப் போனவ கதைம்மா. எப்படியோ வெளிய வந்தா நல்லதுதானே?" என்றார் உன் அண்ணன். அவர் கெட்டவர் இல்லை. உன்னை நினைத்துத்தான் கேட்டார். வேலைக்கு நேரமாகிறது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அந்த ஆள் தெரிந்தவரைக்கும் வைத்துக்கொண்டு, இளவரசனைக் கொண்டுவந்து கதையைப் போட்டுவிட்டார். வாளில் மின்னல் எல்லாம் அடித்தது. நிறைய பேர் கேட்டார்கள்.

அதை பஸ்ஸில் கேட்ட வசந்தா அக்கா, "எவன்டி இந்த இளவரசன்? போன எடு, நாம பதியலாம்" என்றார். அவரவர் ஞாபகத்திலிருந்து சொன்னோம். யானை செத்ததா இல்லையா என்று இரண்டு கட்சியாகி அடித்துக்கொண்டதும் பதிவாகியிருக்கிறது. ஹாரன், டிரைவரின் இருமல், விழுப்புரம் ரோட்டுப் பள்ளங்கள் எல்லாம் அதில் உண்டு. இணையத்தில் உன் பெயரில் போட்டோம். கொஞ்சம் பேர்தான் கேட்கிறார்கள்.

போன வாரம் அந்த ஆள் போன் செய்தார். "ரெண்டு கதை இருந்தா ஜனங்க கொழம்புவாங்க. உங்களத எடுத்துடுங்க."

"முடியாது" என்றேன்.

"என்னம்மா, கொஞ்சம் யோசிச்சி..."

"யோசிச்சிட்டேன். உங்களுது வேற வாளு. இது அவளுது. எடுக்க மாட்டேன்."

வைத்தபிறகு எனக்கே நம்ப முடியவில்லை. உனக்குத் தெரியும், வீட்டிலும் சரி, வேலையிலும் சரி, யார் எதைக் கேட்டாலும் மறுத்துப் பழக்கமில்லாதவள் நான். 'முடியாது' என்ற அந்த வார்த்தையை எங்கே கற்றேன் என்று யோசிக்கத் தேவையில்லை. எனக்கென்று நீ எதையும் எழுதி வைத்துவிட்டுப் போகவில்லை. இதைத்தான் விட்டுப் போயிருக்கிறாய். நேற்று சூப்பர்வைசர், கையில் காயத்தோடு நின்ற ஒரு பெண்ணை மெஷினுக்குப் போகச் சொன்னார். என்னை அறியாமல் இன்னொரு முறை 'முடியாது' என்று வாயில் வந்துவிட்டது. அந்தப் பெண்ணைக் கட்டுப் போட அழைத்துப் போனேன்.